திருகோணமலையும் பல்கலைக்கழகக் கோரிக்கையும்

பேராதனையிலே பல்கலைக்கழகத்தின் அருகாக ஓடும் மகாவலி கங்கை, தும்பறைப் பள்ளத்தாக்கைக் கடந்து, கிழக்கே திரும்பி வடக்கே நடந்து, மூதூருக்கு அண்மையிற் கொட்டியாரக் குடாவிற் கடலோடு கலக்கின்றது. இலங்கையின் பல்கலைக்கழகத்துக்கு இடந்தேடியவர்கள் இந்நதியின் கரையிலே நெடுங்காலம் நின்றார்கள். ஆனால் அது கடலைச் சேரும் இடத்தை அவர்களுள் எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அவ்விடத்தை எண்ணியவர்கள் வேறு சிலர். அவர்கள் எண்ணியதும் பிற்காலத்திலேதான்.

1921ஆம் ஆண்டிற் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி நிறுவப்பட்டது. அதன் மாணவர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பரீட்சைகளுக்கே தோற்றினர். தனக்கென ஒரு பல்கலைக்கழகம், அன்றைய வழக்கிற் சொல்வதாயின் சர்வகலாசாலை, வேண்டுமென்பதில் நாட்டிலே கருத்து வேற்றுமை இருக்கவில்லை. அது எங்கே அமைவது என்பதிலேதான் பெரும் போர் மூண்டது. தலைநகரிலே மருத்துவமனையும் நூலகமும் நீதிமன்றமும் இருக்கின்றன, கல்வி அவற்றோடு ஒட்டி வளரவேண்டும் என்றனர் ஒரு சாரார். நகரத்தின் சந்தடிக்கு அப்பால், ஆசிரியரும் மாணவரும் ஒருங்குறையும் குடியிருப்பாக மலைநாட்டில் அமையவேண்டும் என்றனர் மறுசாரார். சட்டநிரூபண சபை மலைநாட்டின் பக்கஞ் சாய்ந்தது. முதலிலே தும்பறை, பின்னர் பேராதனை என இடம் மாறிற்று. 1942இல் ஐவர் ஜெனிங்ஸ் உபவேந்தராக இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோதும் அது கொழும்பிலேயே இயங்கியது. பேராதனைக்குக் குடிபெயர்ந்தது 1952இல். அப்போதுங்கூட விஞ்ஞான பீடமும் மருத்துவ பீடமும் உடன்செல்லவில்லை. பல துறையினரும் ஒரே முற்றத்திற் கூடுவர் என்று காட்டியன்றோ மலைநாட்டைத் தேர்ந்தார்கள்! கலைகள் மலையேற, விஞ்ஞானம் கடற்கரையிலே தங்கிவிட்டது.

துறைகள் கூடினால் யாது விளையும் என்பதற்கு அக்காலத்திலேயே ஒரு சான்று இருந்தது. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர் 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதரானார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றார். 1920களின் பிற்பகுதியிலே திருகோணமலை இந்துக் கல்லூரியின் பொறுப்பை ஏற்று நடத்தினார். 1931இற் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. சிலப்பதிகார அரங்கேற்று காதையிலே மறைந்துகிடந்த பண்டை யாழின் இலக்கணத்தை அவர் மீட்டது தமிழறிவினால் மாத்திரமன்று; நரம்பின் நீளத்தையும் அதிர்வையும் கணிக்கும் பௌதிகமும் கணிதமும் இசையறிவும் ஒருங்கே துணைநின்றன. அந்த ஆராய்ச்சியின் பயனாகிய யாழ்நூல் 1947 ஜூன் மாதத்தில் அரங்கேறிற்று. அடுத்த மாதத்தில் அவர் மறைந்தார். ஒரு மனிதர் தனியே நிறைவேற்றியதை ஒரு நிறுவனம் தொடர்ந்து செய்வதற்கு எத்தகைய இடம் வேண்டும்? பின்னெழுந்த கோரிக்கையை மொழியுரிமையோடு மாத்திரம் இணைத்துப் பார்ப்போர் இக்கேள்வியைத் தவறவிடுகின்றனர்.

1956ஆம் ஆண்டிற் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டிலே தமிழரசுக் கட்சி தன் மாநாட்டைத் திருகோணமலையிலேயே கூட்டியது. 1959இல் வித்தியோதயம், வித்தியாலங்காரம் என்னும் பௌத்த கலாபீடங்கள் இரண்டும் பல்கலைக்கழகங்களாக உயர்ந்தன. தமிழ் வழியே உயர்கல்வி அளிக்கும் பல்கலைக்கழகம் ஒன்று வேண்டுமென எழுந்த தமிழ்ப் பல்கலைக்கழக இயக்கம், அதற்குரிய இடமாகத் திருகோணமலையைக் குறித்தது. வடக்குக்கும் கிழக்குக்கும் நடுவே உள்ள ஊர் என்பதும், தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே எய்தத்தக்கது என்பதும் வலிய நியாயங்கள். யாழ்ப்பாணத்திலே இந்துப் பல்கலைக்கழகம் அமைப்போம் என்று வேறு சிலர் முனைந்தனர். சமயப்பெயர் தாங்கிய கழகம் தமிழ் பேசும் அனைவரையும் அணைக்குமோ என்ற ஐயம் அப்போதே எழுந்தது. இவ்விரு கோரிக்கைகளும் ஒன்றையொன்று தளர்த்தின என்பதை மறைப்பதிற் பயனில்லை.

திருகோணமலைக்கு மற்றொரு தகுதியும் உண்டு. அதை அரசியல் மேடைகள் அதிகம் பேசவில்லை. 1957இற் பிரித்தானியக் கடற்படை நீங்கியபின் உலகறிந்த இயற்கைத் துறைமுகமொன்று நாட்டின் கைக்கு வந்தது. அதன் வாயிலருகே கடலடியில் ஆழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்று செல்கின்றது. வடக்கே புல்மோட்டைக் கரையில் இல்மனைட்டும் உரூட்டைலும் கலந்த கனிய மணல். மேற்கே கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழு. தென்மேற்கே கந்தளாய்க் குளமும் தம்பலகாமத்து வயல்களும். புவியியல், இரசாயனம், நீர்ப்பாசனம், மருத்துவம், சரித்திரம் ஆகிய அனைத்துக்கும் வேலை தரும் நிலம் அது. போர்த்துக்கேயர் 1620களிலே தகர்த்த கோணேசர் கோயிலின் தூண்களையும் கற்களையும் 1956இல் சுவாமிமலைக்குக் கீழே கடலடியிற் கண்டவர்கள் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும். நீர்மூழ்கும் வல்லமையும் சிற்பம் அறியும் கண்ணும் அங்கே ஒருங்கே தேவைப்பட்டன. 1980களின் முற்பகுதியில் டுலிப் என்னும் சிறு பாய்க்கப்பலில் வந்த அயல்நாட்டு ஆராய்ச்சியாளர் திருகோணமலைக் கடலிலே திமிங்கிலங்களைப் பின்தொடர்ந்து அவற்றின் வாழ்வை ஆராய்ந்தனர். கரையிலிருந்தே கண்ணிற்படும் பேருயிர்கள் அவை. திருகோணமலை மீனவர் தலைமுறை தலைமுறையாக அறிந்தவை. அவ்வறிவை ஏற்றெழுதுதற்கு அவ்வூரில் அன்று ஒரு பல்கலைக்கழகத் துறைதானும் இருக்கவில்லை.

1971 முதல் பல்கலைக்கழக அனுமதியிலே தரப்படுத்தல் புகுந்தது. தமிழ் வழி பயின்ற மாணவர் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் உயர்ந்த புள்ளிகள் பெறவேண்டியவராயினர். இடம் பற்றிய வாதம் அப்போது வெறும் வாதமாக இருக்கவில்லை; வீடுகளிலே பிள்ளைகளின் வாழ்வு அதிலே தொங்கியது. 1974 அக்டோபரிலே அரசாங்கம் யாழ்ப்பாண வளாகத்தைத் திறந்தது. பேராசிரியர் கைலாசபதி அதன் முதற் தலைவர். திருநெல்வேலியிலிருந்த பரமேஸ்வராக் கல்லூரியும், வட்டுக்கோட்டையிலே யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பகுதியும் அதற்கு இடமளித்தன. திருகோணமலைக் கோரிக்கை கைவிடப்படுகின்றதே என்று செல்வநாயகம் தலைமையிலான கட்சியினர் அதனை எதிர்த்தனர். அவர்கள் அஞ்சியதிலே நியாயம் இருந்தது. கட்டடமும் நூலகமும் ஆயத்தமாயிருந்த ஊரிலே உடனே தொடங்கிய வளாகத்தாற் பல்லாயிரம் மாணவர் பயன்பெற்றதும் உண்மையே. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று.

கிழக்குக்கு வாய்ப்பு வந்தபோதும் திருகோணமலை முந்தவில்லை. 1981 ஆகஸ்டில் வந்தாறுமூலையிலே மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1986இற் கிழக்குப் பல்கலைக்கழகம் என்று பெயர் பெற்றது. திருகோணமலைக்கு 1993இல் வந்தது ஓர் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி. 2001இல் அது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகமாயிற்று. நிலாவெளிப் பக்கத்தில், கோணேசபுரியிலே அவ்வளாகம் இருக்கின்றது. தொடர்பாடலும் வணிகக் கற்கைகளும் பிரயோக விஞ்ஞானமும் சித்த மருத்துவமும் அங்கே பயிற்றப்படுகின்றன.