ஊர்வரியும் ஊர்க்கணக்கும்

வரி என்னும் சொல்லைக் கேட்டவளவில் முகங் கோணுவார் நம்முள் பலர். வரி கொடாது தப்பியவனைச் சமர்த்தன் எனப் புகழ்வாரும், தவணை தவறாது கொடுத்தவனை உலகமறியாதவன் என இகழ்வாரும் உளர். ஆயினும் தெருவிளக்கு எரியாத இரவில் முதற்கண் குரலெழுப்புவாரும் இவர்களேயாவர். ஊர்வரி நம் தர்மபுரிச் சீமையில் எவ்வாறு வளர்ந்து வந்தது, அது செவ்வனே வசூலாவதும் ஆகாமையும் எதனால் என்பவற்றைச் சரித்திர வழியே ஆராய்ந்து நம் சங்கத்து அன்பர்கட்கு உரைக்கப் புகுந்தோம்.

தர்மபுரியின் பழம்பெயர் தகடூர் என்பது யாவரும் அறிந்ததே. இச்சீமையிற் கிடைத்த கற்களில் 'அதியமான் பெருவழி' என்னும் பெயரும், நாவற்றாவளத்துக்கு இத்தனை காதம் என்னும் கணக்கும் வெட்டப்பட்டுள்ளன. ஒரு கல் 29 காதம் என்றும் மற்றொன்று 27 காதம் என்றும் காட்டும். பெருவழி உள்ளவிடத்து வாணிகம் உண்டு. வாணிகம் உள்ளவிடத்து அரசிறையும் உண்டு. தறியிறை, செக்கிறை, அங்காடிப் பாட்டம், மனையிறை எனச் சோழர்காலக் கல்வெட்டுக்கள் கூறும் வரிகளை நோக்கின், வீட்டுக்கும் கடைக்கும் தொழிலுக்கும் வரி விதித்தல் அந்நியர் கொணர்ந்த புதுவழக்கன்று என்பது விளங்கும். முதற் குலோத்துங்கன் சுங்கம் தவிர்த்தான் என்று இன்றளவும் பாராட்டப்படுதலால், வரியின் பாரத்தைக் குடிகள் உணர்ந்தே இருந்தனர் என்பதும் தெளிவு.

அக்காலத்து ஊராட்சி முறைக்குச் சிறந்த சான்று தொண்டை மண்டலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களாம். முதற் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளிற் பொறிக்கப்பட்ட அவற்றின்படி, வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவரே பொதுவாக வாரியத்துக்குத் தேர்தற்குரியர். வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவரோ, தாமேயன்றித் தம் நெருங்கிய உறவினரும் அத்தகுதியை இழப்பர். வரி கொடுத்தலும் கணக்குக் காட்டலும் ஒரே நாணயத்தின் இருபுறம் என்று அன்றே கண்டனர் நம் நாட்டார். இவ்வோர் உண்மையை மனத்திருத்தியே மேல்வரும் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால் சீமை கும்பினியார் கைக்கு வந்தது. அதனைத் திட்டஞ் செய்யும் பொறுப்பு காப்டன் அலெக்ஸாண்டர் ரீடு என்பாரிடம் ஒப்புவிக்கப்பட்டது. அவர்தம் உதவியாளருள் ஒருவரே பிற்காலத்தே சென்னைக் கவர்னராய் விளங்கிய தாமஸ் மன்றோ. ஏறத்தாழ 7 ஆண்டுகள் இவர் இச்சீமையில் தொண்டாற்றித் தர்மபுரியில் வசித்தார். நிலங்களை அளந்து, குத்தகைக்காரரை இடையே நிறுத்தாது, குடியானவன் ஒவ்வொருவனுக்கும் அவன் செலுத்தவேண்டிய தொகையைப் பட்டாவில் எழுதிக் கொடுத்தல் இவர்கள் கைக்கொண்ட முறை. இதுவே ரயத்துவாரி எனப் பெயர்பெற்றுச் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியிற் பரவிற்று. அதன் தொட்டில் நம் சீமையே.

இம்முறை குறையற்றதென யாம் கூறவில்லை. தீர்வை மிகுதியாக இருந்தது என்பதை மன்றோவே பின்னர்த் தாம் கலெக்டராயிருந்த தத்த மண்டலங்களின் அநுபவத்தால் உணர்ந்து, 1807ஆம் ஆண்டில் நாலில் ஒரு பங்கு குறைக்கும்படி மேலிடத்துக்கு எழுதினார். அப்போது அது ஏற்கப்படவில்லை. 1820 முதல் 1827 வரை தாம் கவர்னராய் இருந்த காலத்தேதான் அக்குறைப்பை நிறைவேற்ற அவரால் இயன்றது. இதற்கிடையே நம் சேலம் ஜில்லாவில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரீடின் முறையை விடுத்து, கிராமங்களை மிட்டாக்களாகப் பகுத்து ஏலம் விட்டனர். கட்டவியலாத தொகைக்கு எடுத்த மிட்டாதாரர் பலர் நிலுவையில் மூழ்க, மிட்டாக்கள் பல சர்க்காரிடமே திரும்பின. குடியினது சக்திக்கு மிஞ்சிய வரி ஏட்டிற் பெருகுமேயன்றிப் பெட்டியிற் பெருகாது என்பது இதனாற் போதரும்.

நிலவரி இவ்வாறிருக்க, வீடு, கடை, தறி, கைத்தொழில் ஆகியவற்றின்மேல் 'மொகதர்ப்பா' என்னும் வரியும் தண்டப்பட்டு வந்தது. 1852ஆம் ஆண்டில் கஜுலு லக்ஷ்மீநரசு செட்டியார் முதலியோர் நிறுவிய சென்னை சுதேசிகள் சங்கம் இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு விடுத்த விண்ணப்பத்தில் இவ்வரியின் கொடுமை விரித்துரைக்கப்பட்டது. நெசவாளனும் தச்சனும் தெருவோர வணிகனும் செலுத்திய பணம் அவர்தம் தெருவுக்குத் திரும்பியதில்லை. சர்க்காரின் பொது வருமானத்திற் கலந்தது. எடுத்தது இங்கே, செலவானது எங்கேயோ. அவ்வரியை மக்கள் வெறுத்தற்கு வேறு காரணமும் வேண்டுமோ?

இக்குறை ஒருவாறு நீங்கத் தொடங்கியது ஸ்தல ஸ்தாபனங்கள் தோன்றிய பின்னரே. 1865, 1871ஆம் ஆண்டுச் சட்டங்களும், 1882ஆம் ஆண்டில் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானமும், அதனையொட்டிய 1884ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டங்களும் இதற்கு அடிகோலின. நகரங்களில் முனிசிபாலிட்டியும், நாட்டுப்புறத்தில் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் என்பனவும் அமைந்தன. யூனியன்களில் வீட்டுவரியும், முனிசிபாலிட்டிகளிற் சொத்துவரியும் தொழில்வரியும் வசூலித்து, அப்பணத்தை ஆங்காங்கே விளக்குக்கும் துப்புரவுக்கும் பாதைக்கும் செலவிடலாயினர். அந்நாளில் முனிசிபல் தேர்தலில் வாக்குரிமை பெரும்பாலும் வரி செலுத்துவார்க்கே உரியது. ஆதலின் ரசீது வைத்திருந்தவர், கொடுத்த பணம் என்னாயிற்று என்று கேட்கவும் வல்லவராயினர்.

குடியரசு அமைந்தபின் வயது வந்தோர் யாவர்க்கும் வாக்குரிமை வந்தது, இது பெருநன்மை. ஆயின் வரிக்கும் வாக்குக்கும் இருந்த பழந்தொடர்பு அற்றது. கொடுப்பவன் கேளான், கேட்பவன் கொடான் என்னும் நிலை மெல்ல மெல்ல நுழைந்தது. 1958ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டம் இதற்கொரு நல்ல மருந்து வைத்திருந்தது. கிராமப் பஞ்சாயத்து வசூலிக்கும் வீட்டுவரிக்கு ஈடான தொகையைச் சர்க்காரும் மானியமாக அளித்தல் அம்முறை. ஒரு ரூபாயை வசூலியாத ஊர் உண்மையில் இரண்டு ரூபாயை இழந்தது!

1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தர்மபுரி தனி ஜில்லாவாயிற்று; 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்தது. ஊர்கள் வளர்ந்தன, கூரை வீடு மாடியாயிற்று, திண்ணை கடையாயிற்று. வரிப்பதிவேடோ அவ்வேகத்தில் வளரவில்லை. தொழில்வரிக்கு அரசியலமைப்பு விதித்த உச்சவரம்பு ஆண்டுக்கு 2,500 ரூபாய். இது 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அமைந்தது. 2018இல் அறிவிக்கப்பட்ட சொத்துவரி உயர்வு 2019இல் நிறுத்திவைக்கப்பட்டது. பின்னர் 2022 ஏப்ரல் முதல், சென்னை நீங்கலான நகரங்களில் 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புக்கு 25 விழுக்காடும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு 100 விழுக்காடும் உயர்த்தப்பட்டன. சிறுவீட்டார்க்குக் குறைவாகவும் பெருவீட்டார்க்கு மிகுதியாகவும் வைத்தது நியாயமே. எனினும் நெடுங்காலம் உயர்த்தாதிருந்து ஒருநாளில் உயர்த்துதல், தீனியை மறந்த மாட்டின்மேல் ஒரேயடியாகப் பாரம் ஏற்றுவது போன்றதாம்.

மற்றொன்றும் கருதத்தக்கது. 2016 முதல் 2022 வரை தமிழகத்து நகரசபைகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் இலர். தனி அலுவலரே நடத்தினர். நம் ஜில்லாவின் கிராமப் பஞ்சாயத்துக்களிலும் 2019 டிசம்பர் வரை அதுவே நிலை. வரிச்சீட்டு வந்துகொண்டிருந்தது, கணக்குக் கேட்டற்குரிய உறுப்பினர் இலர். உத்தரமேரூர்ச் சபையார் இதனைக் கண்டிருப்பின் என் சொல்லியிருப்பர்?

இனி வசூலின் திறத்தை அளக்கும் வகையைச் சிறிது கூறுவோம். ஸ்தல ஸ்தாபனங்கள் 'கேட்பு, வசூல், நிலுவை' என்று ஒரு கணக்கு வைக்கும். ஒரு பேரூரில் இவ்வாண்டுக் கேட்பு 100 ரூபாய், பழைய நிலுவை 40 ரூபாய், வசூலானது 98 ரூபாய் என்று கொள்வோம். நடப்புக் கேட்பை மட்டும் நோக்கின் 98 விழுக்காடு என்று மார்தட்டலாம். நிலுவையையும் சேர்த்து நோக்கின் 70 விழுக்காடே. ஆகலின் ஒரு விழுக்காட்டைக் கேட்டவுடன் மகிழாது, எதனுள் இத்தனை என்று வினவுதல் அறிவுடைமை. அன்றியும், பதிவேட்டில் ஏறாத கட்டடம் கேட்பிலேயே வாராது. வாராதது நிலுவையாகவும் தோன்றாது. கடையாக வழங்கும் இடம் வீடாகப் பதிந்திருப்பினும் இழப்பு அத்தகையதே. அப்பாரம் யார் தலைமேல் விழும்? ஒழுங்காகச் செலுத்துவார் தலைமேலேயாம்.

இப்பணத்தால் ஆவது யாது என்பார்க்குக் குடிநீர் ஒன்றே போதிய விடை. நம் சீமையின் நிலத்தடி நீரில் புளோரைடு என்னும் உப்பு மிகுந்து, பற்கள் கறைபடவும் எலும்புகள் வளையவும் கண்டோம். இதனை மாற்றுதற்கு 1,928 கோடி ரூபாய்த் திட்டமாக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் எழுந்து, 2013ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரி ஊரெல்லை வரை வந்துவிட்டாள். அங்கிருந்து ஒவ்வோர் இல்லத்துக்கும் அவளைக் கொணரும் குழாயைப் பழுதுபார்ப்பதும், தொட்டியைக் கழுவுவதும், மின்கட்டணம் கட்டுவதும் உள்ளூர்ச் சபையின் பணி. பெட்டி வெறிதாயின் குழாயும் வெறிதாம். குழந்தைகள் மீண்டும் பழைய கிணற்று நீரையே பருகுவர்.

ஆதலின் நம் சங்கத்து அன்பர்கள் செய்யத்தக்கன சிலவுள. வீட்டை விரித்தவர், கடை வைத்தவர், வாடகைக்கு விட்டவர் தாமே முன்சென்று பதிவு செய்க. தவணையில் வரி செலுத்தி ரசீதைப் போற்றி வைக்க. விதித்தது மிகையெனத் தோன்றின், கொடாதிருத்தலை விடுத்து மேல்முறையீடு செய்க. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராமசபைக்குத் தவறாது சென்று, கேட்பு எவ்வளவு, வசூல் எவ்வளவு, நிலுவை யாரிடம் என்று அமைதியாகவும் உறுதியாகவும் வினவுக. நிலுவையாளர் நம்மவரே ஆயினும் அவர்க்காகப் பரிந்து பேசாதிருத்தல் நம் சங்கத்துக்குப் பெருமை. இன்னாரின் உறவினர், இவரைத் தொடலாகாது என்னும் எண்ணம் வசூலாளரிடம் உண்டாதற்கு நாம் காரணமாதல் கூடாது.

கொடுத்துவிட்டுக் கேட்பவன் சொல்லுக்கு அம்பலத்தில் மதிப்புண்டு. அம்மதிப்பை நம் குடும்பங்கள் ஒவ்வொன்றும் ஈட்டிக்கொள்வனவாக.