கெலாக் பள்ளத்தாக்கின் ஈயக் கணக்கு

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து வடக்கு மலைகளுக்கிடையே, கோர் டலேன் ஆற்றின் தென்கிளை ஓடும் குறுகிய பள்ளத்தாக்கில் இருக்கிறது கெலாக் நகரம். 1885இல் நோவா கெலாக் என்பவர் இங்கே ஈயமும் வெள்ளியும் கலந்த தாதுவைக் கண்டுபிடித்தார். உண்மையில் கண்டுபிடித்தது கட்டவிழ்ந்து ஓடிய அவருடைய கழுதைதான் என்பது ஊர்க்கதை. அந்த இடத்தில் தோண்டிய பங்கர் ஹில் சுரங்கம் நாட்டின் பெரிய ஈயச் சுரங்கங்களில் ஒன்றாக வளர்ந்தது. 1917இல் ஊரை ஒட்டியே ஈய உருக்காலை எழுந்தது. பிறகு துத்தநாக ஆலையும் வந்தது. பக்கத்துக் குடியிருப்புக்கு ஸ்மெல்ட்டர்வில், அதாவது உருக்காலையூர் என்றே பெயர்.

கேடு உருக்காலைக்கு முன்பே தொடங்கிவிட்டது. தாதுவைப் பொடித்து உலோகத்தைப் பிரித்தபின் மிஞ்சிய மணல் கழிவைச் சுரங்கங்கள் ஆற்றிலேயே கொட்டின. 1968 வரை இப்படிக் கொட்டியது ஏறத்தாழ 6 கோடி டன். வெள்ளம் வடிந்ததும் கழிவு மேய்ச்சல் நிலங்களில் படிந்தது. குதிரைகளும் மாடுகளும் செத்தன. கீழ்நிலப் பகுதி விவசாயிகள் 1900களின் தொடக்கத்திலேயே வழக்குப் போட்டார்கள். சுரங்க முதலாளிகள் சேர்ந்து அதற்கு ஒரு வழி கண்டார்கள்: நிலத்துக்காரர்களுக்குப் பணம் கொடுத்து, அந்த நிலத்தை மாசுபடுத்தும் உரிமையைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். கேட்டைத் தடுப்பதைவிட அதற்கு விலை கொடுப்பது மலிவு என்ற இந்தக் கணக்கு, பல பத்தாண்டுகளுக்குப் பிறகு குழந்தைகளின் விஷயத்திலும் போடப்பட்டது.

ஈய உருக்காலையின் புகையில் நுண்ணிய ஈயத்தூள் இருக்கும். புகைபோக்கிக்குப் போகுமுன் அதைப் பிடித்து நிறுத்த, வரிசையாகத் தொங்கும் நீண்ட துணிப்பைகள் வழியே புகையைச் செலுத்துவார்கள். பிடிபட்ட தூள் மீண்டும் உலைக்கே போகும். 1973 செப்டம்பரில் பங்கர் ஹில்லின் இந்த வடிகட்டிக் கூடத்தில் தீப்பிடித்து ஒரு பகுதி சேதமானது. அப்போது ஆலை, ஹூஸ்டனைச் சேர்ந்த கல்ஃப் ரிசோர்சஸ் நிறுவனத்தின் கையில் இருந்தது. ஈயத்துக்கு நல்ல விலை கிடைத்துக்கொண்டிருந்த நேரம் அது. பழுதுபார்க்கும்வரை ஆலையை நிறுத்தாமல், புகையைச் சரிவர வடிகட்டாமலே வெளியே விட்டார்கள். முன்பு மாதத்துக்கு 10 முதல் 20 டன் தூள் வெளியேறியது. தீ விபத்துக்குப் பின் 1974 நவம்பர் வரை, சில மாதங்களில் அது 160 டன்வரை போனது. அதில் பாதிக்குமேல் ஈயம்.

இதை அறியாமையின் விளைவு என்று தள்ளிவிட முடியாது. டெக்சஸின் எல் பாசோ நகரில் வேறொரு உருக்காலையின் அருகில் வாழ்ந்த குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் மிகுந்திருந்தது சில ஆண்டுகளுக்கு முன்புதான் வெளியாகியிருந்தது. தீ விபத்துக்குப் பிறகு எழுதப்பட்டு, பின்னாளில் வெளிவந்த ஒரு கம்பெனிக் குறிப்பு, எல் பாசோவில் ஒரு குழந்தைக்கு 5,000 முதல் 10,000 டாலர் இழப்பீடு என்ற அளவைக் காட்டி, கெலாக்கில் 500 குழந்தைகளுக்கு 60 முதல் 70 லட்சம் டாலர் ஆகலாம் என்று கணக்கிடுகிறது.

1974இல் சுகாதாரத் துறையினர் பரிசோதித்தபோது, ஆலையிலிருந்து ஒரு மைலுக்குள் வாழ்ந்த 1 முதல் 9 வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழ எல்லாருக்குமே ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 40 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தது. ஒரு குழந்தைக்கு 164. இன்று அமெரிக்காவில் கவனிக்கவேண்டிய அளவாகக் கொள்ளப்படுவது 3.5தான்.

குழந்தைகள் இப்படிச் சிக்குவதற்குக் காரணம், தவழ்வதும் மண்ணில் விளையாடுவதும் கையை வாயில் வைப்பதும் மட்டுமல்ல. விழுங்கிய ஈயத்தில் பெரியவர்களின் குடல் பத்தில் ஒரு பங்கை உறிஞ்சினால், குழந்தைகளின் குடல் பாதிவரை உறிஞ்சிவிடும். உடல் ஈயத்தைக் கால்சியம் என்று எடுத்துக்கொள்கிறது. அதனால் அது வளரும் மூளைக்குள்ளும் நரம்புகளுக்குள்ளும் நுழைகிறது. ரத்தச் சிவப்பணு உருவாவதைத் தடுத்துச் சோகையை உண்டாக்குகிறது. எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கி, கர்ப்ப காலத்தில் மறுபடி ரத்தத்தில் கலந்து கருவையும் எட்டுகிறது. கெலாக் குழந்தைகளிடம் சோகையும், நரம்பில் உணர்வு செல்லும் வேகம் குறைந்திருந்ததும் பதிவாயின. இருபது ஆண்டுகள் கழித்து, வளர்ந்து ஆளான அவர்களைச் சோதித்தபோதும் நரம்பு மண்டலக் குறைகள் தெரிந்தன.

நிறுவனம் ஆலைக்கு அருகிலிருந்த வீடுகளை வாங்கி இடித்தது. 1975இல் கருவுறக்கூடிய பெண்களை உருக்காலைப் பணியிலிருந்து விலக்கியது. ஊதியம் போய்விடுமே என்று சில பெண்கள் கருத்தடை அறுவை செய்துகொண்டார்கள். 1977இல் 600 அடிக்கும் 700 அடிக்கும் மேல் உயரமான இரண்டு புகைபோக்கிகள் எழுந்தன. அருகில் காற்று ஓரளவு தெளிந்தது. ஆலைகள் கக்கிய கந்தகப் புகை இன்னும் தொலைவுக்குப் பரவியது, அவ்வளவுதான். கந்தகப் புகையால் சுற்றியிருந்த மலைகள் எப்போதோ மொட்டையாகிவிட்டன. அங்கே மீண்டும் நடுவதற்கான மரக்கன்றுகளை நிறுவனம் கைவிட்ட சுரங்கப் பாதைக்குள் விளக்கொளியில் வளர்த்தது. மேலே இருந்த மண்ணையும் காற்றையும்விட பூமிக்கடியில் கன்றுகளுக்குப் பாதுகாப்பு அதிகம்.

1981 இறுதியில் ஆலை மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். ஆலையை வைதவர்களும் அதன் சம்பளத்தில் சாப்பிட்டவர்களும் ஒரே வீட்டில் இருந்த ஊர் அது. சுத்திகரிப்புக்கு வந்த அரசு அதிகாரிகள்மீது பலருக்குக் கோபம் இருந்ததில் வியப்பில்லை. உலை அணைந்து இரண்டு ஆண்டு ஆன பிறகும் அருகிலிருந்த குழந்தைகளின் ரத்தத்தில் ஈய அளவு சராசரியாக 20 மைக்ரோகிராமுக்குக் குறையவில்லை. வீட்டுத் தூசியிலும் முற்றத்து மண்ணிலும் ஈயம் அப்படியே கிடந்ததுதான் காரணம்.

1983இல் 21 சதுர மைல் பரப்பு, மத்திய அரசு சுத்தம் செய்யவேண்டிய இடங்களின் பட்டியலில் சேர்ந்தது. முதலில் பள்ளிகளிலும் பூங்காக்களிலும், பிறகு வீட்டு முற்றங்களிலும் மேல்மண்ணை ஓரடிவரை வெட்டி எடுத்து, அடியில் தடுப்புத் துணி விரித்து, புது மண் போட்டார்கள். வீட்டுத் தூசியை உறிஞ்ச நல்ல வடிகட்டி உள்ள இயந்திரங்களை இரவல் கொடுத்தார்கள். குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் மளமளவென்று குறைந்தது. 1996 மே மாதம் புகைபோக்கிகள் வெடிவைத்துச் சாய்க்கப்பட்டன. கழிவு படிந்த பழைய ரயில் பாதைமேல் தார் போட்டு மூடி, 72 மைல் சைக்கிள் பாதை அமைத்தார்கள். தாரை விட்டு இறங்காதீர்கள், சாப்பிடுமுன் கை கழுவுங்கள் என்று வழியெங்கும் அறிவிப்பு உண்டு.

ஈயம் எரிந்தோ மக்கியோ போகாது. பெரும்பகுதி மூடித்தான் வைக்கப்பட்டிருக்கிறது. ஆற்றோரச் சதுப்பில் இரை தேடும் அன்னப்பறவைகள் பழைய கழிவை விழுங்கி இன்றும் வசந்த காலத்தில் சாகின்றன. ஊருக்குள் ஒருவர் அஸ்திவாரம் தோண்டவேண்டுமானால் சுகாதார அலுவலகத்தில் அனுமதி பெற்று, அடிமண்ணை அவர்கள் சொல்லும் இடத்தில் கொட்டி, சுத்தமான மண்ணால் மறுபடி மூடவேண்டும்.