தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையின் பழைய கதை

கொழும்புக்கு ஸ்கூல் ட்ரிப் என்றால் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்குப் போகாமல் பஸ் திரும்பாது. அது எப்படி வந்தது என்று கேட்டால் பெரியவர்களும் முழிப்போம்.

ஜோன் ஹாகன்பெக் என்ற ஜெர்மன் வியாபாரி, வெளிநாட்டுக்குக் கப்பலேற்றும் வரை மிருகங்களை வைத்திருந்த இடம் அது. கம்பனி நொடித்துப்போக, 1936இல் அரசாங்கம் பொறுப்பெடுத்தது.

அவருடைய அண்ணன் கார்லும் (தாய் வேறு) ஹம்பர்க்கில் மிருக வியாபாரிதான். 1880களில் இலங்கையிலிருந்து யானைகளோடு மனிதர்களையும் கொண்டுபோய் ஐரோப்பிய நகரங்களில் காட்சிக்கு வைத்தார். ஆம், நம் நாட்டு மனிதர்களை! சம்பளம் பேசித்தான் கூட்டிப்போனார்கள். ஆனாலும் பார்க்க வந்தவன் யானையையும் மனிதனையும் ஒரே டிக்கட்டில்தான் பார்த்தான்.

போன கிழமை வகுப்பில் இதைச் சொன்னேன். "அப்ப அவங்க திரும்பி வந்தாங்களா சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது.