சைலன்சருக்கும் ஒரு வரலாறு இருக்கிறது

தம்பிமாரே, கம்பனி சைலன்சரைக் கழற்றிவிட்டு வேறொன்று பூட்டுகிறீர்கள். அந்தச் சாமானின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

1897இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து ரீவ்ஸ் சகோதரர்கள் எஞ்சின் சத்தத்தைக் குறைக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார்கள். அன்றைய வீதிகளில் குதிரைகளே அதிகம். மோட்டார் சத்தம் கேட்டால் அவை மிரளும்.

அடுத்தது ஒரு வாப்பாவும் மகனும். 1884இல் இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கிய ஹைரம் மாக்சிமுக்கு, அந்தச் சத்தத்தாலேயே காது மந்தமானது. மகன் ஹைரம் பெர்சி மாக்சிம் 1909இல் துப்பாக்கிச் சத்தத்தை அடக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு அதே வழியை எஞ்சின்களுக்கும் கொண்டுவந்தார். விசயம் இதுதான்: சீறி வரும் சூட்டுப் புகைக்கு விரிந்து வேகம் குறைய இடம் கொடுத்தால் சத்தம் அடங்கும்.

சத்தப் பிரியர்கள் அன்றும் இருந்தார்கள். 'கட்அவுட்' என்றொரு வால்வைத் திறந்தால் புகை சைலன்சருக்குள் போகாமல் நேரே வெளியேறும். மேடு ஏறப் பலம் கூடும் என்றார்கள். ஊர் தாங்கவில்லை, பல நகரங்கள் தடை போட்டன.

நீங்கள் பூட்டியது அதிகம் கத்துகிறதா? மூட்டுகளில் புகை கசிகிறதா என்று பார்த்து கேஸ்கட்டை மாற்றுங்கள். உள்ளே கண்ணாடி நார் எரிந்திருந்தால் புதிதாக அடைக்கலாம். நடுவில் ரெசனேட்டர் ஒன்றும் வைக்கலாம்.

ஓ.எல். பிள்ளைகள் இரவில் படிக்கிறார்கள். நோயாளிகள் கண்மூடுவதும் அந்த நேரத்தில்தான். இந்தக் கிழமையே கராஜ் பாஸிடம் ஒருக்கால் காட்டுங்கள்.