கூடைவாயில் நடுவர் தீர்ப்பு

வன்னிப் பெருநிலப்பரப்பின் ஊர்களிலே புத்தாண்டுக் காலத்தில் ஆடப்பட்டுவந்த போர்த்தேங்காய் விளையாட்டில் நடுவர்க்குரிய தொழில் மிகச் சிறிது. ஒரு காய் நிலத்தில் இருக்கும். மற்றக் காயால் அதனை ஓங்கி அடிப்பர். எது உடைந்ததோ அதற்குரியவன் தோற்றவனாவான். சூழ நிற்போர் அனைவரும் கண்ணாற் காண்பதே தீர்ப்பு. கிளித்தட்டில் அவ்வாறன்று. கை பட்டதா, படவில்லையா என்னும் வாதம் அடிக்கடி எழும். ஆடுவோரும் பார்ப்போரும் வாயாடியே அதனைத் தீர்த்துக்கொள்வர். உயர்ந்த வளையத்தினுட் பந்தை இட்டுப் புள்ளி பெறும் ஆட்டங்கள் முதல் நோக்கிற் போர்த்தேங்காயின் இனத்தைச் சேர்ந்தனவாகவே தோன்றும். பந்து வளையத்தினுள் வீழ்ந்தாற் புள்ளி உண்டு, வீழாவிடின் இல்லை. இதிலே வழக்கிற்கு இடம் யாது என்று கேட்கத் தோன்றும். ஆயினும், கூடைப்பந்தாட்டத்தினதும் அதன் வழிவந்த வலைப்பந்தாட்டத்தினதும் வரலாற்றை ஆராயுமிடத்து, வீழாத பந்துக்குப் புள்ளி வழங்கப்பட்டமையும், வீழ்ந்த பந்துக்குப் புள்ளி மறுக்கப்பட்டமையும், தம் கூடையிலே தாமே பந்திட்டுத் தோற்றவர் அத் தோல்வியாலேயே நன்மை பெற்றமையும் காணப்படும். கூடைவாயில் நிகழ்ந்த இத்தகைய அரிய நிகழ்ச்சிகளே அவ்விரு ஆட்டங்களின் விதிகளைப் பெரிதும் உருவாக்கின எனலாம்.

கூடைப்பந்தாட்டம் பிறந்த காலமும் இடமும் ஐயத்திற்கிடமின்றி அறியப்பட்டவை. 1891 ஆம் ஆண்டு மார்கழி மாதத்திலே, அமெரிக்க ஐக்கிய நாட்டின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரில், வை. எம். சி. ஏ. பயிற்சிக் கலாசாலையின் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார், குளிர்காலத்தில் மண்டபத்தினுள்ளே ஆடுதற்கேற்ற ஆட்டமொன்றை வகுத்தார். பீச் என்னும் பழத்தை இட்டுவைக்கும் கூடைகள் இரண்டு, மண்டபத்தின் மேன்மாடத்திற் பத்தடி உயரத்தில் அறையப்பட்டன. பக்கத்துக்கு ஒன்பதின்மராகப் பதினெண்மர் ஆடினர். அவர் எழுதிய விதிகள் பதின்மூன்று. 1892 ஆம் ஆண்டு தை மாதத்தில் அவை அச்சேறின.

அவற்றுள் எட்டாவது விதி ஊன்றி நோக்கத்தக்கது. நிலத்திலிருந்து எறியப்பட்டோ தட்டப்பட்டோ பந்து கூடையினுட் சென்று அங்கே தங்குமாயின் அது புள்ளியாகும். கூடையைக் காப்போர் அதனைத் தொடவோ குலைக்கவோ கூடாது. பந்து விளிம்பிலே தங்கியிருக்கையில் எதிரணியார் கூடையை அசைப்பராயின் அதுவும் புள்ளியாகவே கொள்ளப்படும் என்பது அதன் கருத்து. ஆட்டம் ஒருமுறையேனும் ஆடப்படுமுன்னரே இவ்விதி எழுதப்பட்டுவிட்டது என்பது கருதற்பாலது. மாணாக்கரின் குறும்பை நன்கறிந்த ஆசிரியர் ஒருவரின் முன்யோசனை இதிலே தெரிகின்றது. வீழாத பந்தினையும் வீழ்ந்ததாகக் கொள்ளும் அதிகாரம் பிற்காலத்துச் சட்ட நுட்பமன்று. அது ஆட்டத்தோடு உடன்பிறந்தது. ஏழாவது விதியோ இன்னும் ஒரு படி மேலே சென்றது. எதிரணியார் இடையில் தவறிழையாதிருக்க, ஓரணியார் தொடர்ந்து மூன்று தவறுகள் செய்வராயின், பந்து கூடையை அணுகாமலே எதிரணிக்கு ஒரு புள்ளி சேர்ந்தது.

மேற்காட்டிய விதியிலுள்ள ‘தங்குதல்’ என்னும் சொல்லும் வரலாறுடையது. முதற் கூடைகளுக்கு அடிப்பாகம் இருந்தமையால் விழுந்த பந்து உள்ளேயே கிடந்தது. ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னரும் அதனை ஏறி எடுக்கவேண்டியதாயிற்று. பின்னர் இரும்பு வளையமும் வலையும் வந்தன. காலப்போக்கில் வலையின் அடியும் திறக்கப்பட்டது. பந்து தங்குவதற்கு இடமே இல்லாது போயிற்று. எனினும் இன்றைய சர்வதேச விதிநூல் புள்ளிக்கு வரைவிலக்கணம் கூறுமிடத்து, உயிர்ப்புள்ள பந்து மேலிருந்து கூடையினுட் புகுந்து உள்ளே தங்குதல் அல்லது முற்றாக ஊடுசெல்லுதல் என்றே கூறுகின்றது. பழக்கூடை மறைந்து நூறாண்டு கடந்தும் அதன் நிழல் விதியில் எஞ்சியுள்ளது. மேலிருந்து புகுதல் வேண்டும் என்பதும் வீண் சொல்லன்று. கீழிருந்து பந்தினைக் கூடையினூடே முற்றாகச் செலுத்துவது விதிமீறலாகும்.

பின்பலகையின் வரலாறு சுவையானது. கூடைகள் மேன்மாடத்தில் அறையப்பட்டிருந்தமையால், அங்கிருந்து பார்த்தவர்கள் கைப்பிடிக்கு மேலாகக் கையை நீட்டித் தமக்கு வேண்டிய அணியின் பந்தை உள்ளே தள்ளியும், வேண்டாத அணியின் பந்தை வெளியே தட்டியும் வந்தனர். ஆடுவோரை அடக்க விதி இருந்தது. பார்ப்போரை அடக்க விதி ஏது? ஆதலின் 1890களின் நடுப்பகுதியிற் கூடைக்குப் பின்னே தடுப்பு ஒன்று நிறுத்தப்பட்டது. இன்று பந்தைத் தெறிக்கவைத்துப் புள்ளி பெறுதற்கு உதவும் பலகை, பார்வையாளரின் கையைத் தடுப்பதற்காகத் தோன்றியது என்பதைப் பலரும் அறியார்.

அடுத்த பெருந் தொல்லை ஆடுவோரின் உயரத்தால் விளைந்தது. பத்தடி உயரம் வகுக்கப்பட்ட காலத்தில் வளையத்திற்கு மேலே ஒருவரின் கை எழும் என்று எவரும் எண்ணியிருக்கமாட்டார். 1940களில் ஒக்லகோமா கல்லூரியின் பொப் கேர்லண்ட் ஏழடி உயரத்தினராயும், சிக்காகோவின் டி போல் கல்லூரியைச் சேர்ந்த ஜோர்ஜ் மைக்கன் ஆறடி பத்து அங்குலத்தினராயும் விளங்கினர். அவர்கள் கூடையருகே நின்று, விழப்போகும் பந்தை வளையத்தின் வாயிலிலேயே தட்டி அகற்றினர். எய்தவர் எவ்வளவு குறிபார்த்து எய்தும் பயனில்லாது போயிற்று. 1944 ஆம் ஆண்டில் அமெரிக்கக் கல்லூரி ஆட்ட விதிகள் இச் செயலைத் தடைசெய்தன. இறங்கிவரும் பந்து முழுவதும் வளையத்தின் மட்டத்துக்கு மேலே இருக்கையில் அதனைக் காவலர் தொட்டால், பந்து வீழ்ந்ததாகவே கொண்டு புள்ளி வழங்கல் வேண்டும் என்றாயிற்று.

இங்கே நடுவரின் தொழில் முற்றிலும் மாறிவிட்டதைக் காணலாம். நிகழ்ந்தது யாது என்று கூறுவோராக இருந்த அவர், பந்து ஏறுகின்றதா இறங்குகின்றதா என்பதைக் கண்ணிமைக்கும் நேரத்துள் முடிவுசெய்து, கை குறுக்கிடாவிடின் நிகழ்ந்திருக்கக்கூடியதற்குத் தீர்ப்புக் கூறுவோராயினார். ஏறும் பந்தைத் தடுத்தல் திறமை. இறங்கும் பந்தைத் தடுத்தல் குற்றம். இரண்டுக்கும் இடையே உள்ளது ஒரு கணமே.

தண்டனை இருசாராருக்கும் ஒன்றன்று. காவலர் குறுக்கிட்டால் எய்த இடத்துக்கேற்ப இரண்டு அல்லது மூன்று புள்ளி வழங்கப்படும். எய்த அணியைச் சேர்ந்தவரே குறுக்கிட்டால் பந்து உள்ளே வீழ்ந்தாலும் புள்ளி இல்லை. பந்து வளையத்தைத் தொட்டபின் யாது செய்யலாம் என்பதில் அமெரிக்கரின் தொழில்முறை விதியும் உலக விதியும் வேறுபடுகின்றன. எய்த பந்து வளையத்திற் பட்டு மேலே துள்ளுமாயின் அதனை எவரும் தட்டலாம் என்பது உலக விதி. வளையத்தின் நேர்மேலுள்ள வெளியிற் பந்து இருக்கும்வரை தொடலாகாது என்பது அவர்கள் விதி. தொலைக்காட்சியிற் பார்த்துப் பழகியவர் பாடசாலை ஆட்டத்தில் நடுவரோடு வாதிடுவதற்கு இவ்வேறுபாடு காரணமாதல் உண்டு.

இனி, தன் கூடையிற் பந்திடுதல். தவறுதலாக நேர்ந்தால் எதிரணிக்கு இரண்டு புள்ளி. அது களத்தில் நிற்கும் எதிரணித் தலைவரின் பெயரிற் பதியப்படும். வேண்டுமென்றே ஒருவர் அவ்வாறு செய்வாரா? 1962 ஆம் ஆண்டு தை மாதத்தில் ஐரோப்பியக் கழகக் கிண்ணப் போட்டியில் அது நிகழ்ந்தது. ஸ்பெயின் நாட்டு றியல் மட்றிட் அணி, இத்தாலியின் வறேசே நகரில் இக்னிஸ் அணியுடன் ஆடியது. இரண்டு ஆட்டங்களின் புள்ளிகளையும் கூட்டி வெற்றி தீர்மானிக்கப்படும் முறை அது. இரண்டு விநாடிகள் எஞ்சியிருக்கையில் இரு அணியும் 80 புள்ளிகளுடன் சமமாய் நின்றன. மேலதிக நேரம் ஆடினாற் பெருந் தோல்வி நேரலாம் என அஞ்சிய பயிற்றுநர் பெத்றோ பெறாண்டிஸ், தம் கூடையிலேயே பந்தை இடுமாறு பணித்தார். லொறென்சோ அலொசென் என்னும் வீரர் அவ்வாறே செய்தார். 82–80 என்று தோற்ற அணி, தன் நகரில் நடந்த அடுத்த ஆட்டத்திற் பெரு வித்தியாசத்தில் வென்று மேற்சென்றது. நடுவர் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை. எழுதிய விதியின்படி அது முறையான புள்ளியே. 1932 ஆம் ஆண்டில் ஜெனீவாவில் நிறுவப்பட்ட சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனம் இதன் பின்னரே விதியைத் திருத்தியது. இன்று வேண்டுமென்று தன் கூடையில் இட்ட பந்து விதிமீறலாகும், புள்ளி சேராது. ஆயின், வேண்டுமென்று செய்தாரா என்பதை அறிவது எங்ஙனம்? கையை மட்டும் கண்டுவந்த நடுவர் இப்பொழுது கருத்தையும் காணவேண்டியவரானார்.

இவ்விடர்ப்பாடு வலைப்பந்தாட்டத்தில் எழுவதற்கே இடமில்லை என்பது வியப்பிற்குரியது. 1890களில் அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்தின் மகளிர் உடற்பயிற்சிக் கலாசாலைக்குச் சென்ற கூடைப்பந்தாட்டம் அங்கே வேறோர் உருவம் பெற்றது. 1901 ஆம் ஆண்டில் அதற்குத் தனி விதிகள் வெளியாயின. வளையத்தின் உயரம் அதே பத்தடி, பின்பலகை இல்லை. எய்யும் உரிமை ஓரணியில் இருவர்க்கே உண்டு. அவரும் எய்யும் வட்டத்தினுள் நின்றே எய்தல் வேண்டும். ஏனையோர் எறிந்த பந்து வளையத்தினூடு சென்றாலும் அது புள்ளியன்று. ஆட்டம் நில்லாது தொடரும். உரியவர் எய்த பந்து காவலரின் கையிற் பட்டுத் திரும்பி உள்ளே வீழ்ந்தால் மட்டும் புள்ளி உண்டு. பந்து எங்கே சென்றது என்பதிலும் யார் அனுப்பினார் என்பதையே முதலில் வினாவும் இவ்விதியின் முன், வறேசே நகரத்துத் தந்திரம் பலிக்காது.

இவ்வாட்டத்தின் விதிகள் உலகுக்குப் பொதுவானமையில் ஈழத்திற்கும் ஓரிடம் உண்டு. ஓரணியில் ஐவர், எழுவர், ஒன்பதின்மர் என்று நாட்டுக்கு நாடு வேறுபட்டு ஆடப்பட்ட அதனை ஒழுங்குபடுத்துவதற்காக 1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் என்பவற்றின் பிரதிநிதிகள் கூடியது இலங்கையிலேயே. மூன்றாண்டுகளின் பின்னர், 1963 இல், இங்கிலாந்தின் ஈஸ்ற்போண் நகரில் நடந்த முதலாவது உலகப் போட்டியில் இலங்கை மகளிரும் ஆடினர். யாழ்ப்பாணத்தில் ஆடத் தொடங்கிய தர்ஜினி சிவலிங்கம் 2019 ஆம் ஆண்டு லிவர்பூல் நகரில் நடந்த உலகப் போட்டியில் 348 முறை பந்தை வளையத்தினுள் இட்டு முதலிடம் பெற்றார். அவர் உயரமும் மைக்கனின் உயரமே. ஒருவரின் உயரம் காவலுக்குத் தடைவிதியைப் பிறப்பித்தது. மற்றவரின் உயரம் எய்தலுக்குத் துணையாயிற்று. விதி இரண்டையும் ஒருபடித்தாய் நோக்கவில்லை.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பாடசாலைகளில் மாணவியர் பெரிதும் ஆடுவது வலைப்பந்தாட்டமே. சமப்படுத்திய நிலமும், வளையம் பூட்டிய இரு கம்பங்களும் அதற்குப் போதும். 2009 ஆம் ஆண்டில் முடிந்த போரின் இறுதிக் காலத்தில் வன்னி மக்கள் இடம்பெயர்ந்து, பாடசாலைகளும் மூடுண்டு கிடந்தபின், மீளத் தொடங்கிய மைதானங்களிற் கம்பங்களும் மீள நடப்பட்டன. பெரும் போட்டிகளில் ஐயத்துக்குரிய எய்தலைப் படமாக மீட்டுப் பார்க்கும் வசதி உண்டு. வலயப் போட்டிக்கு வரும் நடுவர்க்குத் தம் கண்ணும் ஊதுகுழலுமே துணை. ஆகவே நிற்கும் இடம் முக்கியமாகின்றது. கூடைப்பந்தாட்டத்தில் நடுவர் இருவராயின், எய்த பந்தின் வழியைப் பின்தொடர்வது பின்னே நிற்பவரின் கடமை. முன்னே நிற்பவர் பந்தை நோக்காது கூடையின்கீழ் உடல்கள் மோதுவதை நோக்குவார். வலைப்பந்தாட்டத்தில் ஒவ்வொரு நடுவரும் பாதிக் களத்துக்குப் பொறுப்பாவார்.

நேரம் முடியும் கணத்திலும் இரு ஆட்டங்களும் பிரிகின்றன. கூடைப்பந்தாட்டத்தில் மணி ஒலிக்குமுன் கையை விட்டு நீங்கிய பந்து வானிலிருந்தாலும் பின்னர் வீழ்ந்தாற் புள்ளியே. வலைப்பந்தாட்ட விதிநூல்களில் நெடுங்காலம் நின்ற விதியோ, ஊதுகுழல் ஒலிக்குமுன் பந்து வளையத்தை முற்றாகக் கடந்திருத்தல் வேண்டும் என்பது. விளிம்பிலே பந்து சுழல்கையிற் குழல் ஒலித்தால், எய்தவர் கண்ணீர் விடினும் புள்ளி இல்லை. பந்து முழுவதும் கீழே வந்த பின்னரே அந்த நடுவரின் கை நேராக மேலே உயரும்.