கருவறைக்குக் கணக்கெழுதியோர்

தோலுக்குப் பெயர்பெற்றது பேரணாம்பட்டு. ஆந்திர எல்லை மலைகளின் அடிவாரத்தில் அமைந்த ஊர். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகியவற்றோடு சேர்ந்து பாலாற்று வட்டாரத்தையே தோல் நாடாக்கிய ஊர். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி, ஆவாரம் பட்டையில் பதப்பட்டு, பிற்காலத்தில் குரோமியத்தில் குளித்துக் கடல் கடந்து சென்ற தோல், அந்த வட்டாரத்தின் வாழ்வும் வரலாறும் ஆயிற்று. தோலைத் தொட்டவனைத் தீண்டத்தகாதவன் என்றனர் வைதிகர். ஆனால், அவன் பதனிட்ட தோலைக் காலில் அணிந்து நடக்க அவர்கள் கூசியதில்லை! தோல் வணிகத்தில் முன்னின்றோருள் இசுலாமியர் மிகுதி. தொட்டியில் இறங்கி உழைத்தோருள் ஆதிதிராவிடர் மிகுதி. பின்னாளில் காலணித் தொழில் வளர்ந்தபோது, இரு குடிகளின் பெண்டிரும் தையற்பொறிமுன் அமர்ந்தனர்.

இவ்விரு குடிகளையும் பிணைப்பது தோல் ஒன்று மட்டுந்தானா? இல்லை. இன்னொன்றும் உண்டு. அது ஒரு பழி. 'அளவுக்குமேல் பெற்றுத் தள்ளுகிறார்கள்' என்ற பழி! ஏழையும் தாழ்த்தப்பட்டவனும் பெருகினால் நாடு வறுமையில் வீழும் என்றனர் சிலர். இசுலாமியர் பெருகினால் இந்து இனமே அழியும் என்றனர் வேறு சிலர். இரு கூட்டமும் கணக்கெழுதின. எவள் வயிற்றைப் பற்றிக் கணக்கெழுதினவோ, அவளை மட்டும் எவரும் கேட்கவில்லை. கோயிற் கருவறையின் வாயிலில் ஒரு குடியினரைத் தடுத்து நிறுத்தியோர், அக்குடிப் பெண்ணின் கருவறைக்குள் கணக்கேட்டுடன் நுழையத் தயங்கவில்லை. அந்தக் கணக்கின் கதையை, அதை எதிர்த்து எழுந்த குரல்களின் கதையை, நாம் அறிந்தாக வேண்டும்.

அச்சத்தை விதைத்தோர்

1909ஆம் ஆண்டு கல்கத்தாவில் யு. என். முகர்ஜி என்பவர், மக்கள்தொகைக் கணக்கைக் காட்டி, இந்துக்கள் அழிந்துவரும் இனம் என்று எழுதினார். அன்று விதைத்த அச்சம் இன்றுவரை அறுவடையாகிறது. உண்மை என்ன? தேசியக் குடும்பநல ஆய்வு 1992-93இல் நடந்தபோது, இசுலாமியப் பெண் ஒருத்திக்குச் சராசரியாக 4.4 குழந்தைகள், 2019-21இல் அது 2.36. இந்துப் பெண்ணுக்கு அதே காலத்தில் 3.3 என்பது 1.94 ஆயிற்று. பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் எட்டிய இடமெல்லாம் பிள்ளைகளின் எண்ணிக்கை தானே குறைந்தது. மதம் பெற்றெடுப்பதில்லை, வாழ்நிலைதான் எண்ணிக்கையை வகுக்கிறது. தமிழ்நாடு முழுமைக்கும் அவ்வாய்வு கண்ட எண் 1.8. பேரணாம்பட்டும் இந்தத் தமிழ்நாட்டில்தானே இருக்கிறது?

இன்னொரு கணக்கு இங்கிலாந்திலிருந்து வந்தது. ஏழைகளின் பெருக்கமே வறுமைக்குக் காரணம் என்று 1798இல் மால்தஸ் எழுதிய கொள்கை, புதுமெருகு பெற்றுச் சென்னைக்கு வந்து சேர்ந்தது. 1928இல் சென்னையில் புது மால்தூசியச் சங்கம் ஒன்று தோன்றிற்று. நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் கூடிய சங்கம் அது, பெரும்பாலோர் மேற்குலத்தார். கருத்தடையைப் பேசவே நாணிய காலத்தில் அதைப் பேசியது துணிவுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் யாருக்காகப் பேசினர்? நாட்டின் செல்வத்துக்காக, இனத்தின் தரத்துக்காக. பெண்ணின் விருப்பம் அந்தப் பேச்சின் நடுவே இடம்பெறவில்லை.

அடையாற்று அன்னி பெசண்ட் அம்மையாரின் கதையோ இன்னும் வியப்பானது. 1877இல் இலண்டனில், பிராட்லாவுடன் சேர்ந்து கருத்தடை நூலொன்றை வெளியிட்டதற்காக நீதிமன்றக் கூண்டில் நின்ற வீராங்கனை அவர். அதன் விளைவாகப் பெற்ற மகளைத் தம்முடன் வைத்துக்கொள்ளும் உரிமையையும் இழந்தவர். அத்தகையவர், பிரும்மஞான சபையிற் புகுந்தபின் அக்கொள்கையையே கைவிட்டார்! பகுத்தறிவு பெற்றுத் தந்ததைப் பக்தி பறித்துக்கொண்டதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஈரோட்டிலிருந்து எழுந்த வினா

இந்தச் சூழலில்தான் சுயமரியாதை இயக்கம் அடிப்படையையே மாற்றிப் போட்டது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாண மாநாடு, பெண்ணுக்குச் சொத்துரிமை, மணவிலக்குரிமை, பதினாறு வயதுக்கு மேற்பட்ட மணம் என்று தீர்மானித்தது. அதை ஒட்டிய ஆண்டுகளில் 'குடிஅரசு' ஏட்டில் தந்தை பெரியார் கருத்தடை பற்றி எழுதினார். மற்றவர்கள் பெண்ணின் உடல்நலத்துக்காகவும், குடும்பத்தின் வறுமைக்காகவும், நாட்டின் பொருளாதாரத்துக்காகவும் கருத்தடை வேண்டும் என்கின்றனர்; நாமோ, பெண் விடுதலை பெற வேண்டும் என்பதற்காகவே கேட்கிறோம் என்பது அவர் கருத்து. பிள்ளைப்பேறே பெண்ணைக் கட்டிப்போடும் தளையென்றால், அதை அவிழ்க்கும் முடிவு அவள் கையில் இருக்க வேண்டும் என்றார். குஞ்சிதம் குருசாமி போன்ற மங்கையர் இயக்க மேடைகளில் முழங்கியதும் இக்காலத்தில்தான்.

1935 திசம்பரில் வார்தாவுக்கு வந்து காந்தியாரைக் கண்டார் அமெரிக்கக் கருத்தடை இயக்கத் தலைவி மார்கரெட் சாங்கர். கருவிகள் வேண்டா, புலனடக்கமே போதும் என்பதே காந்தியாரின் நிலை. கணவனுக்குக் கட்டளையிட இயலாத பெண், எவருடைய புலனை அடக்குவாள்? இதற்கு மறுமொழி கிட்டவில்லை.

வடக்கே, பம்பாய்ச் சட்டமன்றத்தில், 1928இல் ஆலைப் பெண்களின் பேறுகாலப் பயனுக்காக அண்ணல் அம்பேத்கர் வாதாடினார். 1938 நவம்பரில் அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சி கருத்தடைக்கு வசதி செய்யக் கோரித் தீர்மானம் கொண்டுவந்தது. ரோகம் என்ற உறுப்பினர் முன்மொழிந்தார். மன்றம் அதைத் தோற்கடித்தது. பெறுபவளுக்குப் பாதுகாப்பு, பெற விரும்பாதவளுக்கு வழி, இரண்டையும் ஒருசேரக் கேட்டவர் அவர். ஈரோடும் பம்பாயும் ஒரே வினாவை எழுப்பின: யாருடைய உடல்? யாருடைய முடிவு?

கத்தி வந்த கதை

நாடு விடுதலை பெற்றது. வினா விடை பெற்றதா? 1952இல் குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக்கியது இந்தியா. கருத்தறுப்பு அறுவைக்கு இசைவோர்க்குப் பணம் தரும் வழக்கத்தை 1950களிலேயே தொடங்கிவைத்த மாநிலங்களில் நம் சென்னை முன்வரிசையில் நின்றது. செல்வன் எவனும் அந்தப் பணத்துக்காக அறுவை மேசையில் படுக்கமாட்டான் என்பதை எழுதியா காட்ட வேண்டும்? கூலியின்றி வாடியவனை அழைக்கும் பணம் அது. பெயர் ஊக்கத்தொகை, உண்மையில் வறுமையின் மேல் வைத்த விலை.

பணம் போதாதபோது காவல்துறை வந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77ஆம் ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ 82 இலட்சம் அறுவைகள் நடந்தன. அவற்றுள் ஏறத்தாழ 62 இலட்சம் ஆண்களுக்கு. 1976 நவம்பரில், அரியானாவில் உத்தாவர் என்னும் இசுலாமியச் சிற்றூரைக் காவலர் வளைத்து, ஆடவரைப் பிடித்துச் சென்று அறுவைக்கு உட்படுத்தினர். 1909இல் ஏட்டில் எழுதப்பட்ட அச்சம் 1976இல் கத்தியாகக் கைக்கு வந்தது.

ஆண்கள் சினந்தனர், ஆட்சி கவிழ்ந்தது. அதன்பின் நடந்தது என்ன? கத்தி உறைக்குள் போகவில்லை. பெண்ணின் பக்கம் திரும்பிற்று! 2019-21 ஆய்வின்படி, மணமான பெண்களுள் நூற்றுக்கு 37.9 பேர் கருத்தறுப்பு செய்துகொண்டோர். ஆடவர் அறுவையோ நூற்றுக்கு 0.3. ஆணின் அறுவை எளிது. பெண்ணின் அறுவை கடிது. எளியதை விட்டுக் கடியதைத் தேர்ந்தது மருத்துவமா, ஆணாதிக்கமா? 2014 நவம்பரில், சத்தீசுகரின் பிலாசுப்பூர் அருகே, முகாம்களில் அறுவை செய்துகொண்ட ஏழைப் பெண்களுள் 13 பேர் மாண்டனர். 2016இல் உச்சநீதிமன்றம் தேவிகா பிசுவாசு வழக்கில் இத்தகைய முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்த முனையுமாறு பணித்தது.

கடலுக்கு அப்பால் ஒரு சொல்

இதே கதை அமெரிக்காவில் நிறத்தின் பெயரால் நடந்தது. மிசிசிப்பியில் பருத்திக் காட்டில் உழைத்த கறுப்பினப் பெண் ஃபேனி லூ ஹேமர், 1961இல் சிறு கட்டியை அகற்றிக்கொள்ள மருத்துவமனைக்குச் சென்றார். அவரைக் கேளாமலே கருப்பையை அகற்றிவிட்டனர். பின்னாளில் அவர் குடியுரிமைப் போரின் மாபெருந் தலைவியானார். 1973இல் அலபாமாவில் 14 வயதும் 12 வயதுமான இரு கறுப்பினச் சிறுமியர்க்குக் கருத்தறுப்பு செய்தனர். எழுத்தறியாத தாய் தாளில் இட்ட பெருக்கற்குறியே ஒப்புதலாயிற்று!

அதே காலத்தில் அந்நாட்டு வெள்ளைப் பெண்களின் போராட்டம், பெறாதிருக்கும் உரிமைக்காக நடந்தது. கறுப்பினப் பெண்ணோ, பெறும் உரிமையையே பறிகொடுத்து நின்றாள். ஒருத்திக்குப் போதுமானது மற்றொருத்திக்குப் போதவில்லை. எனவே, 1994இல் சிகாகோவில் கூடிய பன்னிரு கறுப்பினப் பெண்கள் 'மகப்பேற்று நீதி' என்னும் புதுக்கொள்கையை வகுத்தனர். பெறாதிருக்க உரிமை, பெற உரிமை, பெற்றதை நலமான சூழலில் வளர்க்க உரிமை. மூன்றும் சேர்ந்தால்தான் நீதி.

நம் நாட்டு நிலையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே நிறம், இங்கே சாதி. மேற்குலத்து இளம் விதவையை மொட்டையடித்து மூலையில் அமர்த்தி, தாய்மையையே தடுத்தது ஆசாரம். தாழ்த்தப்பட்ட பெண்ணை நோக்கி, நீ பெற்றது மிகை என்றது அறிவாளர் கூட்டம். ஒருத்திக்குப் பூட்டு, ஒருத்திக்குக் கத்தி! பூட்டியதும் வெட்டியதும் ஒரே கை. அதனால்தான் பெண்விடுதலையைச் சாதி ஒழிப்பிலிருந்து பிரித்துப் பேசுவோர் பாதிவழியிலேயே நின்றுவிடுகின்றனர்.

மூன்றாம் உரிமையும் பாலாறும்

பெற்றதை நலமாக வளர்க்கும் மூன்றாம் உரிமைக்கு வருவோம். அது பேரணாம்பட்டு வட்டாரத்தில் குடிநீரில் தொடங்குகிறது. தோல் ஆலைக் கழிவு பாலாற்று வட்டாரத்தின் நிலத்தையும் நீரையும் கெடுத்த வழக்கில், 1996 ஆகத்து 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதை அத்தீர்ப்பு குறித்தது; மாசு செய்தவனே ஈடு தர வேண்டும் என்றது. 28 ஆண்டுக்கு மேல் கழித்து, 2025 சனவரி 30இல், அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. முதல் தீர்ப்பின்போது பிறந்த குழந்தை இரண்டாம் தீர்ப்பின்போது தாயாகியிருக்கும்! பிள்ளைகளின் எண்ணிக்கையை ஆண்டுதோறும் எண்ணிய அரசு, அப்பிள்ளை குடிக்கும் குவளையை எப்போது எண்ணிப் பார்த்தது?

பேறுகாலப் பயனைப் பாருங்கள். சென்னை மாகாணம் 1934லேயே அதற்குச் சட்டம் செய்தது. 1961இல் இந்தியா முழுமைக்கும் சட்டம் வந்தது. 2017இல் ஊதியத்துடன் கூடிய விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. பெருமைதான்! ஆனால், ஆலை வாயிலைத் தாண்டாமல் தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, சோடிக்கு இவ்வளவு என்று காலணியின் மேற்பகுதியைத் தைத்துத் தரும் பெண்ணுக்கு முதலாளி யார்? பெயர்ப் பதிவு ஏது? அவள் 26 வாரத்தை யாரிடம் கேட்பாள்? அத்தகையோர்க்கென்று தமிழ்நாட்டரசு முத்துலெட்சுமி அம்மையார் பெயரால் உதவித் திட்டம் வகுத்தது. தொகையும் 18,000 ரூபாய்வரை உயர்ந்தது. நல்ல பணி. ஆயினும் அதையும் முதலிரு பேறுகளுக்கே என வரம்புகட்டி வைத்தனர். மூன்றாம் பேற்றில் தாய்க்குக் குருதி குறைவாகவா போகிறது?

நம் வீட்டுக் கணக்கு

பிறரைக் கேட்ட வினாவை நம்மையும் கேட்டுக்கொள்வதே பகுத்தறிவு. பிள்ளைகளைக் குறைத்த தென்னகத்தின் நாடாளுமன்ற இடங்கள் குறைந்துவிடலாகாது என்பது நேர்மையான கோரிக்கை. அது கருதியே 1976இல் 42ஆம் திருத்தம் 1971ஆம் ஆண்டுக் கணக்கை நிலைநிறுத்தியது; 84ஆம் திருத்தம் அதை நீட்டித்தது. இடத்துக்காகப் போராடுவோம், முழுமூச்சாகப் போராடுவோம்! ஆனால், அந்தப் போருக்குப் பெண்ணின் வயிற்றைப் படைக்கலமாக்கலாமா? 2024 அக்டோபரில் ஒரு திருமண மேடையில், பதினாறு பிள்ளை பெறலாமே என்ற எண்ணம் எழுவதாக அந்நாள் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் பேசினார்; 2025 மார்ச்சில், மணமக்கள் உடனே பிள்ளை பெறவேண்டும் என்றார். தில்லியின் அநீதியைச் சுட்டவே அப்படிப் பேசினார் என்பதை அறிவோம். ஆயினும், குறைத்துப் பெறு என்று நேற்றுச் சொன்னதும், நிறையப் பெறு என்று இன்று சொல்வதும், அவளைக் கேளாமல் சொல்வதில் ஒன்றே. ஈரோட்டுப் பள்ளியில் பயின்றோர் இதைச் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

மக்கள்தொகை கூடினாலும் குறைந்தாலும், வரி வாங்குவோர் ஒரு கணக்கும், வாக்கு வாங்குவோர் ஒரு கணக்கும், வேதம் ஓதுவோர் ஒரு கணக்கும் எழுதிக்கொண்டேதான் இருப்பர். பேரணாம்பட்டில் தையற்பொறிமுன் அமர்ந்த தாழ்த்தப்பட்ட பெண்ணும் இசுலாமியப் பெண்ணும் அந்த ஏடுகளில் என்றும் எண்ணாகவே இருந்தனர். அவர்களுக்கு நல்ல நீர் கொடுங்கள்; நேர்மையான கூலி கொடுங்கள்; மருத்துவமனையில் மதிப்போடு ஒரு படுக்கையும், உண்மையோடு ஒரு விளக்கமும் கொடுங்கள். அதன்பின் எத்தனை பிள்ளை, எப்போது, அல்லது பிள்ளையே வேண்டாமா என்பதை அவர்கள் முடிவு செய்வர். அந்த முடிவைக் கேட்டு எழுதிக்கொள்வதே அரசின் வேலை!