காமவேள் விழாவும் காதலர் நாளும்

ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்கள் 14ஆம் நாள் நெருங்குங்கால் நம் காலனி இல்லங்கள் பலவற்றில் ஒரு சொற்போர் எழுகின்றது. இளைஞர் அதனைக் காதலர் நாள் எனக் கொண்டாட விழைகின்றனர். முதியோர் அஃது அயலார் வழக்கு எனக் கடிகின்றனர். இவ்வழக்கில் வரலாறு கூறும் சான்று யாது என ஆராய்தல் இவ்வாண்டு மலருக்கு ஏற்றதெனக் கருதுகிறோம்.

வாலண்டைன் என்பார் 3ஆம் நூற்றாண்டில் ரோமானியர் ஆட்சியில் உயிர் ஈந்த கிறித்தவத் தொண்டர். அவர் நினைவு நாளைக் காதலோடு முதன்முதல் தெளிவாகப் பிணைத்தவர் 14ஆம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிஞர் சாசர். அந்நாளில் பறவைகள் கூடித் தம் துணையைத் தேர்ந்துகொள்வதாக அவர் பாடினார். 1840இல் இங்கிலாந்தில் ஒரு பென்னிக்கு அஞ்சல் செல்லும் முறை வந்தபின், எளியோரும் அந்நாளில் வாழ்த்துமடல் விடுக்கலாயினர். 1969இல் கத்தோலிக்கத் திருச்சபை தன் பொது நாட்காட்டியினின்று அவ்விழாவை நீக்கியது. ஆயினும் மக்கள் அதனைக் கைவிட்டாரல்லர். ஜப்பானிலோ அந்நாளில் மகளிரே ஆடவருக்குச் சாக்லேட் வழங்குவர். மார்ச் 14ஆம் நாள் ஆடவர் கைம்மாறு செய்யும் வழக்கத்தை 1970களின் இறுதியில் அந்நாட்டு இனிப்பு வணிகர் தோற்றுவித்தனர். ஒரு தொண்டரின் நினைவு நாள் கவிஞர் கையில் காதல் நாளாகி, வணிகர் கையில் பண்ட நாளாகிய வரலாறு இது.

சீனரின் காதல் நாள் இதனினும் மிகத் தொன்மையானது. அவர்தம் ஏழாம் திங்களின் ஏழாம் இரவு அவர்களுக்குத் திருநாள். நாம் அபிசித்து, திருவோணம் என வழங்கும் விண்மீன்களை அவர்கள் நெசவு மகள் என்றும் மாட்டிடையன் என்றும் கூறுவர். மணந்த இருவரும் காதலில் திளைத்துத் தறியையும் ஆநிரையையும் மறந்தனராம். அதனால் வான்வேந்தன் இடையே வான்கங்கையை ஓடவிட்டுப் பிரித்தான். ஆண்டுக்கு ஓர் இரவு காக்கையினப் பறவைகள் கூடிச் சிறகால் பாலம் அமைக்க, இருவரும் சந்திப்பர். அவ்விரவில் சீனக் கன்னியர் நிலவொளியில் ஊசியில் நூல் கோத்துக் கைத்திறன் வேண்டினர். இவ்விழா 8ஆம் நூற்றாண்டளவில் ஜப்பான் அரண்மனையில் இடம்பெற்றது. இன்று அங்கே தனபதா என்னும் பெயருடன், வேண்டுதல் எழுதிய வண்ணத் தாள்களை மூங்கிற் கிளையில் கட்டும் விழாவாக விளங்குகின்றது. கடல் கடந்தபோது கதை மாறவில்லை, சடங்கே மாறிற்று.

நம் நாட்டிற்கு வருவோம். 7ஆம் நூற்றாண்டில் ஹர்ஷ மன்னர் இயற்றிய இரத்தினாவளி நாடகம் கௌசாம்பி நகரின் மதன விழாவுடன் தொடங்குகின்றது. மக்கள் வண்ணப்பொடி தூவி நீர் பீச்சி மகிழ, அரசி அசோக மரத்தடியில் காமனை வழிபடுகின்றாள். தமிழகத்திலும் காமவேளுக்குக் கோட்டம் இருந்தது. சீவக சிந்தாமணியில் சுரமஞ்சரி காமன் கோட்டம் சென்று வேண்டுகின்றாள். ஆண்டாள் நாச்சியார் திருமொழியின் முதற் பத்தில் கண்ணனையே கணவனாகப் பெறக் காமனை நோற்கின்றாள்.

எனினும் நம்மை நெடிது சிந்திக்கச் செய்வது சிலப்பதிகாரக் காட்சியே. பிரிந்த கணவனைப் பெறப் புகாரின் கடற்றுறையருகே இரு குளங்களில் மூழ்கிக் காமவேள் கோட்டம் தொழலாம் என்று தோழி தேவந்தி கூறுகின்றாள். கண்ணகியோ அது தனக்குப் பெருமை தருவதன்று என மறுக்கின்றாள். அவள் மறுத்த சிறிது நேரத்திலேயே கோவலன் வந்து சேர்கின்றான். காமன் கோட்டத்தைப் பாடிய இளங்கோவடிகள், அதன் வாயிலை மிதியாதவளையே காவியத் தலைவியாக்கினார். இஃது எண்ணத்தக்கது.

அவ்விழா முற்றும் மறைந்துவிடவில்லை. தஞ்சை முதலிய மாவட்டங்களின் ஊர்களில் மாசித் திங்கள் அமாவாசை கழிந்தபின் கரும்பும் ஆமணக்கும் நட்டுக் காமன் பண்டிகை தொடங்குவர்; பௌர்ணமியையொட்டிக் காமனை எரிப்பர். சிவனார் நெற்றிக்கண்ணால் வெந்த காமன், இரதியின் புலம்பலுக்கு இரங்கி உயிர்பெற்று, அவள் கண்ணுக்கு மட்டும் புலனாகும் கதை அது. காமன் எரிந்தானா, எரியவில்லையா என்று எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் இரவு முழுதும் இலாவணி பாடி வாதிடும். அவ்விலாவணியோ மராட்டியர் வழியே தஞ்சைக்கு வந்த கலை. 19ஆம் நூற்றாண்டில் இலங்கை மலையகத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர் காமன் கூத்தையும் உடன்கொண்டு சென்றனர். இன்றும் அங்கே அது நிகழ்கின்றது. நம் வடநாட்டு அண்டை வீட்டார் ஹோலித் தீ மூட்டுவதும் அப்பௌர்ணமி இரவிலேயே.

ஆகவே விழாக்களும் நம்மைப் போலவே குடிபெயர்வன. சென்ற இடத்து மொழி கற்று, ஆடை மாற்றி வாழ்வன. ஒரு விழா எங்கே பிறந்தது என்பதைக் கொண்டு அதனை ஏற்பதும் தள்ளுவதும், குடிபெயர்ந்து வாழும் நமக்குப் பொருந்தாது. அஃது எதனைக் கற்பிக்கின்றது என்பதே நாம் வினவத்தக்கது. கடமை மறந்த காதல் பிரிவில் முடியும் எனச் சீனர் கதை உரைக்கின்றது. உடல் எரிந்தும் அன்பு எரிவதில்லை என இரதியின் கதை உரைக்கின்றது. வேண்டிப் பெறுவதினும் பெருமிதத்துடன் காத்திருத்தல் மேலானது எனக் கண்ணகி உரைக்கின்றாள். முதியோர் இளைஞரைக் கடியுமுன் இக்கதைகளை அவர்க்குச் சொல்லுக. இளைஞரும் வாழ்த்துமடல் வாங்குமுன் இவற்றைக் கேட்க. அதன்பின் அந்நாளைக் கொண்டாடினும் கொண்டாடாதொழியினும், நம் இல்லங்களில் அன்பு பற்றிய பேச்சு பூசலாக முடியாது என நம்புகிறோம்.